மூஞ்சிக்கு நேராகச் சொல்கிறவள்

என் மாமியாருக்குப் பொய் சொல்ல வராது என்று பசியாவரத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஏரிக்கு அந்தப் பக்கம் உலாந்தா வெள்ளைக்காரர் கோட்டை வாசலில் மீன் வாங்க வரும் குசினிச் சமையல்காரர்கள்கூட அதையே சொல்வார்கள். ஊரில் உள்ள அத்தனை பேரையும் மூஞ்சிக்கு நேராக இருபது வருஷம் ஏசிக்கொண்டே இருந்தால் இப்படி ஒரு நல்ல பெயர் கிடைத்துவிடும் போலிருக்கிறது. நானும் முயன்று பார்த்திருக்கலாம். எனக்கு அந்த வாய் இல்லை.

"நான் மனசுல ஒண்ணு வச்சிக்கினு வெளிய ஒண்ணு பேசறவ இல்ல. பட்னு சொல்லிடுவேன்."

மற்றவர்கள் சாப்பிட்டாயா என்று கேட்டுப் பேச்சை ஆரம்பிப்பார்கள். அத்தை இதைச் சொல்லித்தான் ஆரம்பிப்பாள். சொல்லும்போது முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொள்வாள், ஏதோ படகு தள்ளப் போகிறவள் மாதிரி. அதற்குப் பிறகு வருவது எதிரில் நிற்பவரின் மூக்கைப் பற்றியோ, சமையலைப் பற்றியோ, புருஷனைப் பற்றியோ இருக்கும். தன்னைப் பற்றி அவள் எதையும் பட்டென்று சொல்லி நான் கேட்டதில்லை. கேட்டவர்களும் இல்லை.

என்னைப் பெண் பார்க்க வந்தபோது எங்கள் குப்பமே கூடி நின்றது. அவள் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு என் நைனாவிடம் சொன்னாள்: "பொண்ணு கருப்பு. பல்லு முன்னால நிக்குது. ஆனா கை நல்ல கை, வேலைக்கு ஆவும். நாளைக்கி மறைச்சுக் கட்டிக் குடுத்துட்டன்னு பேச்சு வரக்கூடாது பாரு, அதான் இப்பவே சொல்லிட்டேன்."

நைனாவுக்கு ஒரே சந்தோஷம். "இன்னா மனசு பாத்தியா! இந்த மாதிரி ஒளிக்காம பேசற சம்பந்தி எங்க கெடைப்பாங்க?" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். அவள் தன் பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை என்பது அவருக்கு உறைக்கவே இல்லை. வலை பிடித்தால் கை நடுங்கும், முகத்துவாரத்து அலையைக் கண்டால் முகம் வெளுத்துவிடும் என்பதெல்லாம் கல்யாணத்துக்குப் பிறகு எனக்கே தெரிந்தது. அதனால் ஒன்றும் குறைந்துபோகவில்லை, நல்ல மனுஷர்தான். ஆனால் என் பல் கணக்கில் வந்தது, அவர் கை வரவில்லை.

பக்கத்து வீட்டில் ஒருத்திக்குக் குழந்தை பிறந்தது. எட்டாம் நாள் அத்தை போய்ப் பார்த்தாள். துணியை விலக்கி, மீனைப் பார்ப்பது மாதிரி பார்த்து, "இது தங்காது" என்றாள். பெற்றவள் அன்றைக்கு அழுத அழுகை எங்கள் வீட்டுக்குக் கேட்டது. அந்தப் பிள்ளை தங்கியது. இன்றைக்கு நாலு ஆள் தள்ள வேண்டிய தோணியை ஒற்றை ஆளாய்த் தள்ளுகிறான் என்று கேள்வி. ஒருநாள் நானே அத்தையிடம் கேட்டேன். "அன்னிக்கி இருந்த மூஞ்சியைச் சொன்னேன். அன்னிக்கி அப்பிடித்தான் இருந்துச்சு" என்றாள். தப்பாகிப்போன பேச்சுகூட அவளிடம் உண்மைக் கணக்கிலேயே சேரும்.

கோட்டை வாசலில் கூடையை இறக்கி வைத்ததும், "இது காலைல புடிச்சது, இது நேத்து மீனு, வேணும்னா எடு, வேணாட்டிப் போ" என்பாள். மற்ற பெண்கள் எல்லாவற்றையும் இப்போதுதான் வலையிலிருந்து வந்தது என்று சத்தியம் செய்வார்கள். குசினிக்காரர்கள் அத்தையிடம் மட்டும்தான் குனிந்து நோண்டிப் பார்க்காமல் வாங்குவார்கள். நேற்று மீனும் சேர்ந்து விற்றுப்போகும். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. நேர்மை நன்றாக விலைபோகிற இடத்தில் அவள் நேர்மையாகவே இருந்தாள்.

என் புருஷன் ஊரை விட்டுப் போனதும் இந்த வாயால்தான். ஒருநாள் அவர் கையிலிருந்து வலை நழுவி முளையில் மாட்டிக் கிழிந்துவிட்டது. எட்டுத் தோணிக்காரர்கள் கரையில் நின்றிருந்தார்கள். அத்தை முந்தானையைச் செருகிக்கொண்டு வந்தாள்.

"பட்னு சொல்றேன் கேட்டுக்கோ. உங் கையில வலை நிக்காது. இன்னிக்கி இல்ல, என்னிக்குமே நிக்காது. உங்க நைனாவுக்குப் பொறந்தவன் மாதிரியே இல்ல நீ."

அவர் கிழிந்த வலையைச் சுருட்டி வீட்டில் வைத்தார். நாலு நாள் கழித்துக் கடல் தாண்டிப் பத்தாவிக்குப் போகும் கோட்டைக் கப்பலில் லஸ்கராக, கப்பல் கூலியாளாக, ஏறிவிட்டார். என்னிடம், "ரெண்டு வருஷம், வந்துடறேன்" என்றார். அலையைக் கண்டால் வெளுத்துப்போகிற மனுஷர் அத்தனை கடலையும் தாண்டப் போனார். விசாரித்தவர்களிடம் அத்தை, "உள்ளதைச் சொன்னேன், ரோஷம் வந்துச்சு, போய்ட்டான்" என்றாள். கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள்.

அவர் போன பிறகு எங்கள் சோறு ஒரு மண்சில்லில் இருந்தது. அதை விளக்கிச் சொல்ல வேண்டும். எங்கள் ஏரியில் நினைத்தவர் நினைத்த இடத்தில் வலை கட்ட முடியாது. முகத்துவாரத்தை ஒட்டி இறால் ஓடும் இடங்களில் ஒவ்வொரு வீட்டுக்கும் முறைவைத்து ஒரு நாள் வரும். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். வருஷத்துக்கு ஒருதரம், மழை ஓய்ந்ததும், அம்மன் கோயில் முன்னால் பாடு குலுக்குவார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் அடையாளம் கீறிய ஓட்டுச் சில்லு ஒன்று உண்டு. ஊர்த் தலையாரி ஒவ்வொரு வீட்டு ஆம்பளையின் பெயரையும் சொல்லி, "கீறானா?" என்று, அதாவது உயிரோடு இருக்கிறானா என்று, கேட்பார். வீட்டிலிருந்து ஒருவர் விளக்குக்கு எதிரே நின்று, "கீறான்" என்று சொல்லிச் சில்லைப் பானைக்குள் போட வேண்டும். ஆள் வெளியூரில் இருந்தாலும் பரவாயில்லை, உயிரோடு இருந்தால் பாடு உண்டு. செத்து, பிள்ளையும் இல்லை என்றால் சில்லை உடைத்துவிடுவார்கள். அந்த விளக்கின் முன்னால் யாராவது பொய் சொன்னால் முகத்துவாரம் மணல் மூடி அடைபட்டுப் போகும் என்பது ஊர் நம்பிக்கை.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவர் போன பிறகு ஒவ்வொரு வருஷமும் அத்தை போய் "கீறான்" என்று சொல்லிச் சில்லைப் போட்டாள். அவருடைய சித்தப்பா மகன்கள் இரண்டு பேர் எங்கள் முறையில் வலை கட்டி, பிடித்ததில் பாதியை வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். அதைத்தான் அத்தை விற்றாள். அதைத்தான் நான் தின்றேன்.

இரண்டு வருஷம் என்றவர் ஐந்தாம் வருஷமும் வரவில்லை. அப்போது அக்கரைக் கடலோரக் குப்பத்தில் ஒருவர் என்னைக் கேட்டு ஆள் அனுப்பினார். பெண்சாதி செத்துப்போனவர், சின்னதாய் ஒரு பெண் குழந்தை. எங்கள் ஜனங்களில் புருஷன் செத்தால் தாலியை அறுத்துவிட்டு வேறொருவரைக் கட்டுவது, அறுத்துக் கட்டுவது, உண்டு, அதில் கேவலம் ஒன்றும் இல்லை. அவருடைய அக்காள் நேராக எங்கள் வீட்டுக்கே வந்தாள். "உம் மவன் கீறானா, இல்லியா? நீ உள்ளதைச் சொல்றவளாச்சே, அதான் உன்னையே கேக்க வந்தேன்" என்றாள்.

அத்தை கூடையைத் தலையிலிருந்து இறக்காமலே நின்று சொன்னாள்: "புருஷன் உசுரோட இருக்கறவளப் பொண்ணு கேக்க வந்தியே, வெக்கமா இல்ல உனக்கு?"

அந்த அம்மாள் தலையைக் குனிந்துகொண்டு போனாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? அத்தையை நினைத்துப் பெருமைப்பட்டேன். பிள்ளைமேல் இத்தனை நம்பிக்கை வைத்திருக்கிறாளே, நான் கட்டினவள், எனக்கு இல்லையே என்று என்னையே திட்டிக்கொண்டேன். அக்கரைக்காரரை ஒருதரம் படகுத்துறையில் பார்த்தபோது, "அவரு வருவாருங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர், "வந்தா நல்லது. வரலைன்னு தெரிஞ்சா ஒரு வார்த்தை சொல்லு" என்றார். அவ்வளவுதான் பேச்சு. அதற்குப் பிறகு என் நினைப்பு அக்கரையை விட்டு வரவில்லை, அதை நான் மறைக்கவில்லை.

ஏழாம் வருஷம், பாடு குலுக்கி முடிந்த பத்துப் பதினைந்து நாளில், அத்தைக்குக் கால் வீங்கிவிட்டது. கூடையைத் தூக்கிக்கொண்டு நான் கோட்டை வாசலுக்குப் போனேன். அங்கே ஒரு வயதான மரக்காயர், கப்பல்காரர், "பசியாவரமாம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அந்த மீன்கார அம்மா எப்படி இருக்காங்க? மவன் போன துக்கம் கொஞ்சம் ஆறிச்சா?" என்றார்.

எந்த மகன் என்று கேட்டேன். அவர் அடையாளம் சொன்னார். பத்தாவியில் காய்ச்சல் வந்து தன் பக்கத்திலேயே படுத்திருந்தார், மூன்றாம் நாள் போய்விட்டார், அங்கேயே மண்போட்டோம் என்றார். "மூணு மழைக்கு முன்னாடியே இதே இடத்துல அம்மாகிட்ட சொன்னேனே. அவன் இடுப்புக் கத்தியையும் குடுத்தேனே. நீ யாரும்மா?"

நான் யார் என்று அவரிடம் சொல்லவில்லை. கூடையில் இருந்ததை விற்றேனா, கொட்டினேனா, நினைவில்லை.

தோணியில் வரும்போது அந்த நாள் எதுவாக இருக்கும் என்று தேடித் தேடிப் பார்த்தேன். கண்டுபிடித்துவிட்டேன். மூன்று மழைக்கு முன்னால் ஒருநாள் கோட்டையிலிருந்து வந்தவள், தலைவலி என்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். சோறு வேண்டாம் என்றாள். மறுநாள் விடிந்ததும் எழுந்து கிணற்றடியில் மூன்று பெண்களை வரிசையாக நிறுத்தி மூஞ்சிக்கு நேராக ஏசினாள். ஒருத்தி சோம்பேறி, ஒருத்தி திருடி, ஒருத்திக்கு வாய் நாற்றம். அன்றைக்கு அவள் ஓவென்று அழுதிருந்தால் நான் அவளைக் கட்டிக்கொண்டு அழுதிருப்பேன். பிறகு செய்த எல்லாவற்றையும்கூட மன்னித்திருப்பேன்.

வீட்டுக்கு வந்தபோது காலை நீட்டி உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தாள். கேட்டேன். அவள் கை உரிப்பதை நிறுத்தவில்லை.

"ஆமா. செத்துட்டான். இன்னா இப்போ?"

"எங்கிட்ட ஏன் சொல்லல அத்தை?"

"நீ கேட்டியா?"

இப்படிக் கேட்டவள் யார்? கேட்காமலே என் பல்லைப் பற்றிச் சொன்னவள். கேட்காமலே எட்டு நாள் குழந்தை சாகும் என்று சொன்னவள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, நிஜமாகவே சிரித்தேன். அவள் உரித்த இறாலைச் சட்டியில் போட்டுக்கொண்டே, "பாடு போய்ட்டா தின்னறதுக்கு இன்னா பண்ணுவ? போய்ச் சொல்லு, சில்லை ஒடைப்பாங்க. நீ அக்கரைக்குப் போயிடுவ. நான் எங்க போறது?" என்றாள்.

இந்த ஒருதரம்தான் அவள் என்னிடம் தன்னைப் பற்றிப் பேசினாள். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. அதனால் நானும் வாயை மூடிக்கொண்டேன். நல்லவள் வேஷம் எனக்கு வேண்டாம். செத்தவர் பெயரில் வந்த இறாலை அதற்குப் பிறகும் நாலு மாசம் தின்றேன், ருசியாகத்தான் இருந்தது.

அந்தக் கோடையில் முகத்துவாரம் அடைபட்டது. முந்தின மழை குறைவு, ஏரியில் தண்ணீர் இல்லை, கடல் மணலை அள்ளி வாயில் போட்டுவிட்டது. எனக்கு அப்படித்தான் தோன்றியது. ஆனால் இறால் வரவில்லை, ஏரி குட்டையாக நாறியது, ஊர் பயந்துவிட்டது. விளக்கின் முன்னால் பொய் சொன்னவர் யார் என்று கண்டுபிடிக்கக் கோயில் முன்னால் எல்லோரையும் கூட்டினார்கள். காலை வெயில் ஏறிக்கொண்டிருந்தது. தலையாரி சுற்றிலும் பார்த்துவிட்டுக் கடைசியில் யாரைக் கேட்டார்? அத்தையைக் கேட்டார்.

"நீ பொய் பேசாத மனுஷி. யாருக்கும் பயப்படறவளும் இல்ல. நீ சொல்லும்மா, யாரா இருக்கும்?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. ஆனால் ஊரே தன் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது தெரியாது என்று சொல்லி உட்காருவது அவளுக்கு ஆகாத காரியம். எழுந்தாள். முந்தானையைச் செருகினாள்.

"நான் பட்னு சொல்லிடுவேன், அப்பால யாரும் கோச்சிக்கக் கூடாது" என்றவள், எங்கள் தெருக்கோடியில் இருந்த கிழவரைப் பார்த்துத் திரும்பினாள். அவருடைய ஒரே மகன் காட்டூர்ப் பக்கம் அறுவடை வேலைக்குப் போய் இரண்டு மழையாகத் திரும்பவில்லை. வீட்டில் கிழவரும் இரண்டு பேத்திகளும்தான். "ஏ மாமா, உம் மவன் உசுரோட கீறானான்னு உனக்கே தெரியாது. அப்பால எப்பிடிக் கீறான்னு சொல்லிச் சில்லு போட்ட?"

கிழவர் எழுந்து நின்றார். "கீறான்மா. காட்டூர்ல பாத்ததா சொன்னாங்க."

"யாரோ சொன்னாங்க! நீ கண்ணால பாத்தியா?"

அவர் பார்க்கவில்லை. பார்த்தேன் என்று சொல்லவும் அவருக்குத் தெரியவில்லை. தலையாரி பானையைக் கவிழ்த்து அவர் வீட்டுச் சில்லைத் தேடி எடுத்தார். உடைக்கக் கல்லைத் தூக்கினார். பேத்திகள் இரண்டும் தாத்தாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதன.

நான் எழுந்தேன். "ஒடைக்காதீங்க. பொய் சொன்னது எங்க வூடு. என் வூட்டுக்காரரு பத்தாவியில செத்துட்டாரு. அத்தைக்கு மூணு மழையாத் தெரியும்."

தலையாரி கேட்டார்: "உனக்கு யாரு சொன்னது?"

"கப்பல்ல போற மரக்காயர் ஒருத்தர்."

"அவரைக் கூப்புடு."

"கப்பல் போயிடுச்சு. திரும்பி வர நாளாவும்."

யாரோ சிரித்தார்கள். தலையாரி அத்தையைப் பார்த்து, "இன்னாம்மா சொல்ற?" என்றார்.

அத்தை என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை, பயமும் இல்லை. என்னைப் பெண் பார்க்க வந்த அன்று பார்த்த அதே பார்வை. ஒப்புக்கொண்டுவிடுவாள் என்றே நினைத்தேன். இருபது வருஷமாக உள்ளதைச் சொல்கிறேன் என்று சொல்லி வந்தவள், அவள் பிள்ளை செத்ததை அவள் வாயால் ஒருதரம் சொல்லிவிட்டால் போதும். எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

"அவளுக்கு அறுத்துக் கட்ட ஆசை" என்றாள். "அக்கரைக் குப்பத்துல ஒருத்தன் கேட்டுக்கினு கீறான். ரெண்டு வருஷமா அவ நெனப்பெல்லாம் அங்கதான். நான் பொய் சொல்லல. வேணும்னா அவளையே கேளுங்க, இல்லைன்னு சொல்லட்டும்."

ஊர் முழுக்க என் பக்கம் திரும்பியது. இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. எனக்கு ஆசை இருந்தது. அவள் சொன்னது அத்தனையும் நிஜம். நான் தலை குனிந்ததும் தலையாரிக்கு வேண்டிய பதில் கிடைத்துவிட்டது. கல்லைப் போட்டுக் கிழவர் வீட்டுச் சில்லை உடைத்தார்.

கூட்டம் கலைந்ததும் கிழவரிடம் போனேன். அவர் என்னைப் பாவமாகப் பார்த்து, "எனக்கோசரம் ஏம்மா இப்பிடி ஒரு பேச்சப் பேசி உம் பேரைக் கெடுத்துக்கின? உங்க அத்தை பொய் சொல்ற ஆளு இல்லியே" என்றார்.

அவரே அப்படிச் சொன்ன பிறகு எனக்கு அந்த ஊரில் பேச ஆள் யார் இருக்கிறார்கள்? வெயில் தாழ்வதற்குள் தாலியைக் கழற்றி அத்தையின் முன்னால் வைத்தேன். அவள் அதைப் பார்த்துவிட்டு, "தோணிக்காரன் போயிடப் போறான், சீக்கிரம் போ" என்றாள். போனேன்.

அக்கரைக்காரர் என்னைச் சேர்த்துக்கொண்டார். எங்களுக்கு மூன்று பிள்ளைகள். ஆனால் எனக்குத் தாலி ஏறவில்லை. புருஷன் உயிரோடு இருக்கிறவளுக்கு எந்த ஊரில் தாலி கட்ட விடுவார்கள்? அந்த மரக்காயரின் கப்பல் திரும்பி வரவே இல்லை. ஐப்பசி மழையில் முகத்துவாரம் தானாகத் திறந்துகொண்டது. பொய்ச் சில்லை உடைத்ததால் திறந்தது என்று பசியாவரத்தில் பேசிக்கொண்டார்களாம்.

அத்தை செத்து நாலு வருஷம் ஆகிறது. நான் போகவில்லை. கோட்டையிலிருந்துகூட இரண்டு குசினிக்காரர்கள் வந்திருந்தார்களாம். உள்ளதை உள்ளபடி சொன்ன மனுஷி என்று எல்லோரும் அழுதார்களாம். இப்போது அவருடைய சித்தப்பா மகன்கள்தான் விளக்குக்கு எதிரே நின்று அவர் வீட்டுச் சில்லைப் போடுகிறார்கள். வருஷா வருஷம் தலையாரி அவர் பெயரைச் சொல்லிக் கேட்கிறார், அவர்கள் "கீறான்" என்கிறார்கள். பத்தாவி மண்ணுக்குள் கிடக்கிறவர் பசியாவரத்தில் இன்னும் உயிரோடுதான் இருக்கிறார். நான் அவரை விட்டுவிட்டு ஓடிப்போனவள்.